சூசை சாமிக்குச் சட்டப் பாடம்

அன்புள்ள சூசை சாமிக்கு,

மரியாதை இந்த வரியோடு சரி. டேய், இரண்டு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். அந்தோணி வாத்தியாரின் பிரம்புக்குக் கையை நீட்டிவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களை உன்னிடம் தனியே அறிக்கையிடும்போது, கேட்டதைக் கோர்ட்டில் சொல்ல மறுக்கலாமா என்கிறாய். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 983 உன் வாயைக் கட்டியிருக்கிறது. மீறினால் 1386-இன்படி சபையை விட்டே விலக்கு என்பது உனக்கே தெரியும். நாட்டுச் சட்டத்தில் அந்தக் கட்டு இல்லை. 1872-இன் சாட்சியச் சட்டம் கணவன் மனைவி பேச்சுக்கும், வக்கீல் கட்சிக்காரர் பேச்சுக்கும் பாதுகாப்புக் கொடுத்தது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் அவற்றை 128, 132-ஆம் பிரிவுகள் ஆக்கியதோடு சரி. சாமியார் பேச்சே இல்லை. என் வக்கீல் தொழிலை வாயாடித் தொழில் என்று நீ கேலி செய்தாயே, அதற்குத்தான் பாதுகாப்பு!

சம்மன் வந்தால் போகாமல் இருந்துவிடாதே. அருட்சாதனத்தில் (சபையின் புனிதச் சடங்கில்) கேட்டது, சொல்ல இயலாது என்று நீதிபதியிடமே சொல். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவை வைத்து உன் வக்கீல் வாதாடட்டும். ஏற்கவில்லையென்றால் 7 நாள் வரை உள்ளே வைக்கலாம். போலீஸ் விசாரணைக்கு அழைத்தால் எழுத்தில் கேள். அங்கே தரும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

என் பயம் பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பற்றி இல்லை, உன் பங்களா திண்ணையைப் பற்றி. அங்கே அழுதுகொண்டு சொல்வதற்குச் சபையின் இரகசிய முத்திரைகூடக் கிடையாது. வாட்ஸ்அப்பில் ‘சாமி, ஒரு பாவம்’ என்று வருவது அருட்சாதனம் ஆகாது; போனைக் கைப்பற்றினால் அது சாட்சியம்.

அதிலும் பிள்ளைகள் விஷயம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, அப்படியொரு குற்றம் தெரிந்தவர் யாராயினும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 வருடம் வரை. நீ பள்ளித் தாளாளரும்கூட, மறந்துவிடாதே. பாவசங்கீர்த்தனத்துக்கு விலக்கு எதுவும் எழுதவில்லை. ‘சரணடைந்தால்தான் பாவமன்னிப்பு’ என்று நிபந்தனை போடக்கூடாது என்று 2019-இல் ரோம் சொல்லிவிட்டது. ஆக, இரு பக்கமும் இடி.

பாதிக்கப்பட்ட பிள்ளை தொட்டியில் சொன்னால், ‘இதையே வெளியே என்னிடமோ டீச்சரிடமோ சொல்வாயாம்மா?’ என்று கேள். வெளியே சொல்லிவிட்டால் அன்றைக்கே காவல் நிலையம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் ஒரு போன். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதுதான் பின்னால் உன்னை மாட்டிவிடும். திண்ணைக்கு வருகிறவர்களிடம், பேச ஆரம்பிக்கும் முன்பே எதை மறைக்க உன்னால் முடியாது என்று சொல்லிவிடு.

ஃபீஸ் வழக்கம்போல உன் குசினிக்காரர் வைக்கும் மீன் குழம்பு.

உன்,
கணேசன்