செக் இன்ஜின் விளக்கும் காலை நேரத்து டிக் டிக் சத்தமும்

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத அந்தப் பழைய டிரக்கில் செக் இன்ஜின் விளக்கு எரியத் தொடங்கியதையும், ஸ்கேனர் மாட்டிப் பார்த்ததில் பி0171, பி0420 என்று இரண்டு குறியீடுகள் வந்ததையும், அதைப் பார்த்தவர் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்டர் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னதையும் விரிவாக எழுதியிருந்தாய். போகிற போக்கில் இன்னொன்றையும் குறிப்பிட்டிருந்தாய்: காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் பக்கமிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது, ஐந்து நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது, அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று. எனக்கென்னவோ உன் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்று படுகிறது. பழைய வண்டி வாங்கிய வேறு சிலரும் இதே கேள்வியோடு என்னிடம் வருவதால், உனக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

விளக்கு விட்டு விட்டு மின்னவில்லை, ஒரே சீராக எரிகிறது என்று நீ எழுதியிருப்பது ஆறுதலான செய்தி. மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது, அது கன்வெர்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடமிருந்த டிரக்கில், பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் அந்த விளக்கு நாலைந்து முறை மின்னிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று பழுதாகி, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் வண்டி மிஸ்ஸிங் ஆகிக்கொண்டிருந்தது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். காயிலை மாற்றிய பிறகும் வண்டிக்கு இழுவை வரவில்லை. கீழே படுத்து, ஆறிப்போன கன்வெர்டரை ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினேன். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல் சத்தம் வந்தது. உள்ளே தேனடை போலிருக்கும் பீங்கான் உருகி உடைந்திருந்தது. கன்வெர்டர் தானாகச் சாவது அபூர்வம், பெரும்பாலும் அதைக் கொல்வது வேறு ஏதோ ஒன்று என்பதை அன்று புரிந்துகொண்டேன். கொன்றது எது என்று கண்டுபிடிக்காமல் புதிதாக ஒன்றைப் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

இனி உன் வண்டிக்கு வருவோம். ஸ்கேனரில் வரும் குறியீடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பாகங்களைப் பார்க்கக் கண் கிடையாது, சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தம் மட்டுமே அதற்குத் தெரியும். பி0171 என்றால் முதல் வரிசைச் சிலிண்டர்களின் புகையில் ஆக்சிஜன் அதிகமாக இருப்பதாகச் சென்சார் சொல்கிறது, அதை ஈடுகட்ட வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று பொருள். பி0420 என்றால் அதே வரிசையின் கன்வெர்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார், முன்னால் இருக்கும் சென்சாரைப் போலவே ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உன் வண்டியின் காலத்து இன்ஜின்களில் முன் சென்சார் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் தாவிக்கொண்டிருக்கும். கன்வெர்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் அநேகமாக ஒரே நிலையில் நிற்கும். பின்னதும் தாவத் தொடங்கினால் கன்வெர்டரால் ஆக்சிஜனைச் சேமித்துவைக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டுகிறது. அந்த முடிவு சரியாக இருக்க வேண்டுமானால் முன்னாலிருந்து வரும் காற்று-பெட்ரோல் கலவை சரியாக இருந்தாக வேண்டும். உன் வண்டியில் கலவையைப் பற்றியே ஒரு புகார் இருக்கும்போது, அதைத் தீர்க்காமல் கன்வெர்டர் மேல் பழிபோடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உன்னுடையது வி6 இன்ஜின். அதில் சிலிண்டர்கள் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் இருக்கும்; ஒன்றாம் எண் சிலிண்டர் எந்தப் பக்கமோ அதுதான் முதல் வரிசை, அது எந்தப் பக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டாம் வரிசைக்கும் இதே புகார் இருந்திருந்தால் பி0174 என்ற குறியீடும் கூடவே வந்திருக்கும். அது வரவில்லை. பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தாலோ, ஃபில்டர் அடைத்திருந்தாலோ, காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் தூசி படிந்திருந்தாலோ, பொதுவாக இரண்டு வரிசைகளும் சேர்ந்தே அழும். ஒரு வரிசை மட்டும் அழுகிறது என்றால் கோளாறு அந்தப் பக்கத்தில்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். இந்த இடத்தில்தான் உன் டிக் டிக் சத்தம் எனக்கு நினைவுக்கு வந்தது.

பழைய டிரக்குகளில், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை இன்ஜினோடு பிணைக்கும் போல்ட்டுகள், ஆண்டுக்கணக்கில் சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாக இருந்து, ஒருநாள் தலை முறிந்து விழுந்துவிடும். பெரும்பாலும் முதலிலோ கடைசியிலோ இருக்கும் போல்ட்தான் போகும். அங்கே மயிரிழை அளவு இடைவெளி விழும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் புகை அந்த இடைவெளி வழியாகச் சீறுவதுதான் டிக் டிக் சத்தம். சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளி குறுகிவிடுவதால் சத்தம் அடங்குகிறது. சத்தம் அடங்கியதால் ஓட்டை அடைபட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே. புகை தொடர்ச்சியாகப் பாய்வதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாய்க்குள் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் குறைவாகும்போது, அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் சென்சாருக்கு அந்த ஆக்சிஜன் வெளியிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? பெட்ரோல் போதவில்லை என்று சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை நம்பி மேலும் மேலும் ஊற்றுகிறது, உள்ளே கலவையில் பெட்ரோல் உண்மையில் மிதமிஞ்சிப் போகிறது. கன்வெர்டருக்குப் போய்ச் சேருவது இந்தக் கெட்ட கலவைதான். ஒரே ஓட்டை இரண்டு குறியீடுகளையும் கொண்டுவரக்கூடும்.

இது என் ஊகம். வண்டியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் நானும் உன்னிடம் கன்வெர்டரை மாற்றச் சொன்னவரும் ஒன்றுதான். ஆகவே சோதித்துப் பார். முதலில் ஆயில் அளவைப் பார்த்துவிடு. ஆயில் குறைந்தாலும், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் லிஃப்டர்களிலிருந்து இதே போன்ற சத்தம் வரும். பிறகு, இரவு முழுவதும் ஆறிய இன்ஜினில், மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் விளிம்பை டார்ச் அடித்துப் பார். புகை கசியும் இடத்தில் கரி கோடு போட்டதுபோல் கருப்பாகப் படிந்திருக்கும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், காற்றை ஊதும் பக்கமாக வேக்யூம் கிளீனரின் குழாயை மாட்டி, சைலன்சர் வாயில் துணி சுற்றி வைத்து, இன்ஜின் ஓடாமல் காற்றை மட்டும் உள்ளே அனுப்பு. அந்த விளிம்பு நெடுகச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஓட்டையுள்ள இடத்தில் நுரை கொப்புளிக்கும். எக்ஸாஸ்ட் கசிவு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் வண்டியை மூடிய ஷெட்டுக்குள் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதே. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஸ்பார்க் பிளக்தான். முதல் வரிசையில் ஒரு பிளக்கையும் இரண்டாம் வரிசையில் ஒரு பிளக்கையும் கழற்றி அருகருகே வைத்துப் பார். முதல் வரிசைக்கு உண்மையிலேயே பெட்ரோல் போதவில்லை என்றால் அதன் பிளக் வெளிறிச் சுண்ணாம்பு போலிருக்கும். சென்சார் ஏமாந்து கம்ப்யூட்டர் அதிகமாக ஊற்றிக்கொண்டிருந்தால் அதே பிளக் கைவிரலில் ஒட்டும் உலர்ந்த கரியோடு வரும். புகார் ஒன்றும் பிளக் வேறொன்றும் சொன்னால் நான் பிளக்கைத்தான் நம்புவேன். வெளிறியிருந்தால் என் ஊகம் தப்பு. அப்போது அந்தப் பக்கத்தில் காற்று உள்ளே போகும் இணைப்பை அடைக்கும் இன்டேக் கேஸ்கெட், வேக்யூம் ஹோஸ்கள், இன்ஜெக்டர்கள் பக்கம் திரும்ப வேண்டும்.

ஸ்கேனர் கையில் இருக்கும்போதே கம்ப்யூட்டர் பெட்ரோலை வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று காட்டும் ஃபியூவல் டிரிம் என்ற எண்களையும் இரண்டு வரிசைக்கும் குறித்துக்கொள். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஐடிலில் ஒருமுறையும், 2500 ஆர்.பி.எம்-இல் நிறுத்திப் பிடித்து ஒருமுறையும் பார். ஐடிலில் 20-க்கு மேல் நின்று, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் 5-க்கு இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது. மிதிக்க மிதிக்க ஏறினால் பெட்ரோல்தான் போதவில்லை. ஒழுங்காக இருக்கும் இரண்டாம் வரிசைதான் இங்கே உனக்கு அளவுகோல், அதைவிட நம்பகமான புத்தகம் வேறில்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அணையும். கூடவே, புகார் எழுந்த அந்தக் கணத்தில் இன்ஜின் எத்தனை சூட்டில், எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தில் இருந்தது என்று கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேம் தகவலும் அழிந்துவிடும். கன்வெர்டர் குறியீடு வழக்கமாகத் தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் கோளாறு தென்பட்ட பிறகே விளக்கை ஏற்றும் என்பதால், சில நாள் நிம்மதியாக ஓட்டிவிட்டு மறுபடியும் இதே கடிதத்தை எனக்கு எழுதுவாய். உனக்கு விற்றவரும் அதைத்தான் செய்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், அந்த விளக்கு எரிந்தாக வேண்டும்; எரியவில்லை என்றால் பல்பையே பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும், ஸ்கேனரில் கம்ப்யூட்டர் தானே நடத்தும் சோதனைகளைக் காட்டும் ரெடினெஸ் மானிட்டர் என்ற பட்டியலில் பாதிக்கு மேல் முடிவடையாமல் நின்றால் யாரோ அண்மையில் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைக்கூடச் சில வண்டிகள் காட்டிக்கொடுத்துவிடும். வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், போகட்டும்.

கசிவு அங்கேதான் என்று உறுதியானால், முறிந்த போல்ட்டை நீயே நோண்டாதே. உள்ளே சிக்கியிருக்கும் துண்டை எடுப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். துளையிடும்போது கோணம் தப்பினால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். நல்ல மெக்கானிக்கிடம் விட்டு, கேஸ்கெட்டோடு மாற்றிய பிறகு, அப்போது குறியீடுகளை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டு. டிரிம் எண்கள் பூஜ்யத்தை ஒட்டி வந்து, மானிட்டர்கள் எல்லாம் முடிந்த பிறகும் பி0420 திரும்பி வந்தால், பின் சென்சாரைச் சோதித்துவிட்டுக் கன்வெர்டரைப் பற்றிப் பேசுவோம். அப்போது நானும் மாற்றத்தான் சொல்லுவேன்.

இன்று இரவே ஃப்ரீஸ் ஃபிரேம் எண்களைப் படம் எடுத்து அனுப்பிவிடு. நாளைக் காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் பேனட்டைத் திறந்து, முதல் வரிசைப் பக்கம் மேனிஃபோல்டின் கடைசி போல்ட்டுக்குத் தலை இருக்கிறதா என்று பார்த்துச் சொல். அங்கே கண் எட்டாது, ஒரு சின்னக் கண்ணாடி கையில் வைத்துக்கொள்.

உன் மாமா