ஃப்ரீடாஸ் கர்னல் எழுதுவோருக்கு: 2 டிபி மதிலில் ஒரு வாசல் வையுங்கள்

அன்புள்ள ஃப்ரீடாஸ் நண்பர்களுக்கு, வணக்கம்.

நான் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதுகிறவன் அல்ல. பழைய கம்ப்யூட்டர்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. எடை மேடை, பழைய லேத் பட்டறை, லாரி ஆபீஸ் போன்ற இடங்களில் விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான டாஸில் எழுதிய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. எழுதிக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் கதறிக்கொண்டிருக்கும். அங்கெல்லாம் எனக்குக் கைகொடுப்பது, டாஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் உங்கள் ஃப்ரீடாஸ்தான். கடைகளில் 'டாஸ் லேப்டாப்' என்று விற்பதில் பலவற்றில் இருப்பதும் அதுவே. வாங்கியவர் அன்று மாலையே அதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுவிடுகிறார் என்பது வேறு கதை.

பெரிய ஹார்ட் டிஸ்க் பற்றி ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு எடை மேடையில் டிஸ்க் படுத்துவிட்டது. ஆபீஸில் சும்மா கிடந்த ஒரு 3 டிபி டிஸ்க்கைக் கொடுத்து, "இதைப் போடுங்க" என்றார் முதலாளி. என் பையில் எப்போதும் இருக்கும், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஒரு பழைய பார்ட்டிஷன் கருவியை ஓட்டினேன். (பெயர் வேண்டாம், உங்களுடையது அல்ல.) டிஸ்க்கின் அளவு 746 ஜிபி, உள்ளே ஒரே ஒரு 'நான்-டாஸ்' பார்ட்டிஷன் என்று காட்டியது. சரி, ஏதோ பழைய குப்பை என்று அதை அழித்தேன். ஃபார்மட் கொடுக்கக் கை போன நேரத்தில் முதலாளியின் மகன் எட்டிப் பார்த்து, "அண்ணே, அதுலதானே நம்ம பழைய பில் எல்லாம் இருக்கு" என்றான்.

அந்த 746 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். 3 டிபி டிஸ்க்கில் சுமார் 586 கோடி செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். 32 பிட்டில் எண்ணினால் 429 கோடி சொச்சத்தில், அதாவது 2 டிபியில், கணக்கு மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மிச்சம் 156 கோடி செக்டர், அதாவது 746 ஜிபி. ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி புதிதுபோல் நிற்குமே, அதே கதைதான். 'நான்-டாஸ்' என்று காட்டியது ஜிபிடி (பெரிய டிஸ்க்குகளுக்கான புது வகைப் பார்ட்டிஷன் பட்டியல்) டிஸ்க்குகளின் முதல் செக்டரில் காவலுக்கு வைக்கும் ஈஈ வகைப் பதிவு. காவலாளியைத்தான் நான் விரட்டியிருக்கிறேன். உண்மையான பட்டியல் அடுத்த செக்டரிலிருந்து தொடங்குகிறது. அதை யாரும் தொடாததால் லினக்ஸில் செருகி அந்த ஒரு பதிவை மட்டும் திரும்ப எழுதியதும் பில்கள் அத்தனையும் வந்துவிட்டன. ஃபார்மட் ஓடியிருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

டிஸ்க் உலகத்துக்கு இது புதிதல்ல. ஜிம் ஹால் ஃப்ரீடாஸ் திட்டத்தை அறிவித்த 1994-இல் எல்லோரும் முட்டிக்கொண்டது 504 எம்பி சுவரில்: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். அப்புறம் 8.4 ஜிபி, அதற்குப் பிறகு 28 பிட் முகவரியின் 137 ஜிபி. விண்டோஸ் 98-உடன் வந்த பார்ட்டிஷன் கருவியான எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை இதே மாதிரிச் சுற்றிக் கணக்கிட்டு, மைக்ரோசாஃப்ட் திருத்திய பதிப்பை வெளியிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு எண்ணுக்கு இடம் போதாமல் ஒதுக்கியிருந்தார்.

"டாஸுக்கு எதற்கு 3 டிபி? 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் போச்சு" என்பீர்கள். உண்மைதான், அந்த எடை மேடையிலும் கடைசியில் அதைத்தான் போட்டேன். இயங்குவதற்குச் சின்ன டிஸ்க் போதும். ஆனால் பேக்கப் எடுக்க ஜனங்கள் வைத்திருப்பது பெரிய டிஸ்க்தான். அது பெரும்பாலும் ஜிபிடியில், முக்கால்வாசி நிரம்பியே வருகிறது. டாஸ் மெஷினுக்கென்று அதில் ஒரு 30 ஜிபி எஃப்ஏடி32 (டாஸ் படிக்கும் கோப்பு முறை) பார்ட்டிஷன் போடலாம் என்றால் காலி இடம் இருப்பது வாலில், 2 டிபிக்கு அப்பால். அந்த இடத்துக்குத்தான் டாஸிலிருந்து போக முடியவில்லை.

இதற்கு மலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. 1.3 பதிப்பின் மூல நிரலை எனக்குப் புரிந்த அளவு படித்தேன். பயாஸின் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை நிரல்) டிஸ்க் சேவையான இன்ட் 13 விரிவாக்கத்துக்கு அனுப்பும் 16 பைட் பாக்கெட்டில் செக்டர் எண்ணுக்கு ஏற்கெனவே 64 பிட் இடம் இருக்கிறது. நீங்கள் அதன் மேல் பாதியில் பூஜ்யத்தை வைத்து அனுப்புகிறீர்கள். சாலை அகலமாகத்தான் இருக்கிறது, நம் வீட்டு வாசல்தான் குறுகல். பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்ற ஒரே ஒரு எண்ணை 64 பிட் ஆக்கினால் போதும். பார்ட்டிஷனுக்குள் எண்ணும் செக்டர் எண் 32 பிட்டாகவே இருக்கட்டும். ஒரு டிரைவ் 2 டிபியைத் தாண்டாது, தாண்டவும் வேண்டாம். சாதாரண டாஸ் நிரல்கள் வித்தியாசம் உணராது. இந்தக் கூட்டலுக்காகக் கர்னலில் கூடுவது, கேரியை மேல் பாதிக்குக் கொண்டுபோய்க் கூட்டும் இரண்டு மூன்று கட்டளைகள்.

ஜிபிடி படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு, தெரியும். பழைய அட்டவணையில் 0சி என்ற பைட்டைப் பார்த்தாலே எஃப்ஏடி32 என்று புரிந்துவிடும். ஜிபிடியில் விண்டோஸ் எஃப்ஏடிக்கும் தன் சொந்தக் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸுக்கும் ஒரே அடையாள எண்ணைத்தான் கொடுக்கிறது. எனவே ஒவ்வொரு பார்ட்டிஷனின் முதல் செக்டரையும் திறந்து பார்த்துத்தான் டிரைவ் எழுத்து கொடுக்க வேண்டும். எஃப்ஏடி32 பூட் செக்டரில், பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று குறிக்கும் 'ஹிட்டன் செக்டர்ஸ்' என்ற இடமும் 32 பிட்தான் என்பதால் 2 டிபிக்கு அப்பால் இருக்கும் பார்ட்டிஷனிலிருந்து பூட் ஆக முடியாது. ஆகாமல் போகட்டும், சி டிரைவ் முன்னால் இருந்துவிட்டுப் போகிறது. அந்த எண்ணை நம்பி நேராக பயாஸைக் கூப்பிடும் பழைய டிஸ்க் எடிட்டர்கள் அங்கே தடுமாறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு டிரைவை 2 டிபி வரை நீட்டுகிறவர்களுக்குத் தனிக் கஷ்டம் இருக்கிறது. 32 கேபி கிளஸ்டர் (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் துண்டு) வைத்தாலும், எந்தத் துண்டு காலி என்று குறிக்கும் எஃப்ஏடி அட்டவணை மட்டுமே 256 எம்பி. காலி இடத்தின் கணக்கு கெட்டுப்போய் அதை முழுக்கப் படிக்க நேர்ந்தால், வினாடிக்கு 5 எம்பி தரும் பழைய மெஷினில் கோப்புகளைப் பட்டியலிடும் முதல் 'டிர்' (DIR) கட்டளை முடிய ஐம்பது வினாடி ஆகும். மெஷின் தொங்கிவிட்டது என்று ஆள் ரீசெட்டை அழுத்திவிடுவார். 'எண்ணுகிறேன், பொறுங்கள்' என்று ஒரு வரி காட்டினால் புண்ணியம்.

4 கேபி செக்டர் டிஸ்க்குகள், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் எதையும் நான் கேட்கவில்லை.

64 பிட் வேலைக்கு இப்போது ஆள் இல்லையென்றால் அது காத்திருக்கட்டும். அதற்கு முன்னால் வேறொன்றைச் செய்யுங்கள். பயாஸ் சொல்லும் மொத்த செக்டர் எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டினாலோ, ஈஈ பதிவு கண்ணில் பட்டாலோ, கர்னலும் எஃப்டிஸ்க்கும் அதை நேராகச் சொல்லட்டும்: 'இது ஜிபிடி டிஸ்க், முழு அளவு இவ்வளவு, நான் தொடமாட்டேன்.' 'நான்-டாஸ்' என்ற சொல்லை மட்டும் காட்டினால் என்னைப் போன்ற அவசரக்காரன் அழித்துவிடுவான்.

சோதிக்க ஆள் தேவைப்பட்டால் நான் தயார். என் மேசையில் இப்போது ஒரு 3 டிபியும் ஒரு 4 டிபியும் காலியாகக் கிடக்கின்றன, கூடவே வெவ்வேறு பயாஸ் உள்ள நான்கு பழைய மதர்போர்டுகள். அவற்றில் ஒன்று 48 பிட் முகவரியே தெரியாதது; எது எங்கே உடைகிறது என்று பார்க்க அது ரொம்ப உதவும். மாற்றிய கர்னலைக் கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இப்படிக்கு,
746 ஜிபியை நம்பிய ஒருவன்