கிணற்றடி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

பொங்கல் போட்டோ பார்த்தோம். வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறாய். வீடியோவில் பேசியபோதும் கை வாய்க்கிட்டேயே இருந்தது. குளிராக இருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

நீ எழுதிய கட்டுரையை அடுத்த வீட்டுப் பையன் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். எட்டாவதோடு நின்றவனுக்கு அது புரிந்தது என்றால் பல் கட்டுகிற என் தொழில்தான் காரணம். நம் கடைவாய்ப் பல் உருவாகும்போது முதலில் உள்தோல் மடிந்து மேடு பள்ளம் எடுக்கிறது, எனாமல் அப்புறம்தான் அதன் மேல் படிகிறது. நீ ஆராய்கிற சிறுத்தைப் பல்லிக்கு அப்படி இல்லையாமே. எனாமலே ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் படிந்து இரட்டை நுனி எழும்புகிறதாம். அட, நான் மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்து நுனி எழுப்புவேனே, அதே வேலை! பட்டறைக்கு வருகிற டாக்டர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

முட்டையைக் கிழிக்க அந்தப் பல்லிக் குஞ்சுக்கு மூக்குக்குக் கீழே இரண்டு பல் தனியாக முளைத்து, வெளியே வந்ததும் விழுந்துவிடும் என்று முன்பே சொல்லியிருக்கிறாய். மற்ற பல்லும் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வருமாம். கொடுத்துவைத்த ஜென்மம். நம் வேலி ஓணானுக்குப் பக்கப் பல் தாடை விளிம்போடு ஒட்டியே போய்விடும், தேய்ந்தால் தேய்ந்ததுதான். நமக்கோ இரண்டே தடவை.

இவ்வளவு எழுதத் தெரிந்தவளுக்கு மூன்று வாரமாக ஒரு போன் பண்ண முடியவில்லை. நான் கூப்பிட்டால் மாப்பிள்ளை எடுக்கிறார். வேலையாக இருக்கிறாள் என்கிறார். இருக்கட்டும். குளிரில் வெளியே அலையாதே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

பாப்பா, முப்பத்தெட்டு வருஷமாக அடுத்தவர் வாயைப் பார்த்துப் பிழைத்தவன் நான். மேலுதடு ஒரு பக்கம் அமுங்கினால் உள்ளே எந்தப் பல் இல்லை என்று தெரியும்.

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்றுதானே எல்லோரும் சொன்னோம். அன்றைக்குக் கிணற்றடியில் ஈரமே இல்லை. என் கைதான். இரண்டே நாளில் அந்த முன்பல்லை நானே செய்து மாட்டினேன். நிறம் அவ்வளவு பொருத்தம், உன் பாட்டி கூடக் கண்டுபிடிக்கவில்லை. அதை நினைத்துப் பெருமைப்பட்ட பாவி நான். உனக்கு அப்போது ஆறு வயது. கதவுக்குப் பின்னால் நின்றாய். வாயைக் கையால் மூடிக்கொள்ள அன்றைக்கே கற்றுக்கொண்டாயோ என்னவோ.

உன் கணக்கில் டிக்கெட்டுக்குப் பணம் போட்டிருக்கிறேன். எனக்கு எதுவும் விளக்க வேண்டாம். பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நிறம் பார்க்க எப்படியும் பகல் வெளிச்சம் வேண்டும். முதலில் நீ வா.

இதை அம்மா வாசித்துவிட்டுத்தான் கவரை ஒட்டச் சொன்னாள்.

அப்பா