குறட்டைக்குக் கஞ்சா என்று போட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில் ‘குறட்டைக்குக் கஞ்சா மாத்திரை’ என்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி. திங்கள் காலை நான் முகம் கழுவி முடிக்கவில்லை, பக்கத்து வளவுக்காரர் வேலியடிக்கு வந்துவிட்டார். ஒரு கையில் பேப்பர், மறுகையில் கஞ்சா சேர்த்த கறுத்த லேகிய உருண்டை இரண்டு. “இஞ்ச பாருங்க சேர், அமெரிக்காக்காரனே சொல்லிட்டான். மறுகா ஏன் அந்த மிசினக் கட்டிக்கிட்டுக் கிடக்கிறீங்க?”

நான் நித்திரையில் மூச்சு அடைபடும் வருத்தக்காரன். ஸ்லீப் அப்னியா என்பார்கள். அதற்குத்தான் இரவில் முகத்தில் கட்டும் அந்தக் காற்று மிசின். முதலில் கண்டுபிடித்தது டொக்டர் இல்லை, என் மனைவி. குறட்டை திடீரென்று அடங்குமாம். அவ இருட்டில் விரல் மடக்கி எண்ணுவா. இருபதைத் தாண்டினால் முழங்கையால் ஒரு இடி. நான் தண்ணீருக்குள் இருந்து தலை தூக்கினவன் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி உறங்கிவிடுவேன். காலையில் எனக்கு ஒன்றும் ஞாபகம் இராது. பகலில்தான் வினை. பரீட்சை மேற்பார்வைக்குப் போய்க் கதிரையில் உறங்கியிருக்கிறேன். கொழும்பில் ஓர் இரவு தலையெல்லாம் வயர் ஒட்டிப் பரிசோதித்ததில் மணிக்கு 38 தடவை மூச்சு அடைபடுகிறது என்று வந்தது. 30 தாண்டினாலே கடுமை என்பது கணக்கு.

அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. சிக்காகோவில் நடந்த ஆராய்ச்சி 2018 இல் வெளிவந்தது. 73 நோயாளிகள், ஆறு வாரம். கொடுத்தது ட்ரோனாபினோல் என்ற குளிகை. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளை ஆய்வுகூடத்தில் செய்து, நல்லெண்ணெயில் கரைத்து அடைத்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது வரும் குமட்டலுக்கு 1985 முதல் அங்கே அனுமதி பெற்றது. தினம் 10 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, வெற்றுக் குளிகை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், மணிக்குச் சுமார் 13 அடைப்புக் குறைவு. என் 38 இல் 13 போனாலும் மிச்சம் 25. அதுவும் வருத்தம்தானே?

நீங்கள் விட்டுவிட்ட ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த 10 மில்லிகிராம்காரர்கள் ‘பகல் உறக்கம் குறைந்திருக்கிறது’ என்று சொன்னார்கள். ஆனால் விழித்திருக்கும் திறனை அளந்து பார்த்தபோது அதில் முன்னேற்றம் இல்லை. என் மருமகன் மீன் லொறி ஓட்டுகிறான். இராத்திரி புனானை, வெலிக்கந்தைக் காட்டுப் பாதையில் போகிறவன் தனக்கு உறக்கம் வராது என்று நம்பிக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இந்த வருத்தத்தைக் கஞ்சா மருந்துப் பட்டியலில் சேர்த்தது உண்மை. அதைப் பார்த்துத்தான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகடமி 2018 ஏப்ரலில் ‘இதைச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம், ஆதாரம் போதாது’ என்று அறிக்கை விட்டது. அதற்கும் ஒரு வரி இடம் கிடைத்திருக்கலாம்.

லேகியம் என்றாலே நான் முகம் சுளிக்கிறவன் இல்லை. என் அம்மப்பாவே பரியாரி, நாட்டு வைத்தியர்தான். மருந்தில் கஞ்சா சேர்க்க, பதிந்த ஆயுர்வேத வைத்தியருக்கு இங்கே சட்டமே இடம் வைத்திருக்கிறது. ஆனால் பெட்டிக்கடையில் கடதாசி சுற்றி வரும் உருண்டையில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

மிசின் சுகமானது என்றும் சொல்லமாட்டேன். ஒரு போகத்து வெள்ளாமைக் காசு அதில் போனது. விடிந்தால் கன்னத்தில் வார் அடையாளம். கரண்ட் போனால் அந்த இரவு நித்திரை போச்சு. பேரன் ‘ஆனைத் தும்பிக்கை’ என்கிறான். ஆனால் 1981 இல் அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் செய்து காட்டியது இன்றைக்கும் வேலை செய்கிறது: காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். மனைவி இப்போது எண்ணுவதில்லை.

பக்கத்து வளவுக்காரருக்குக் குறட்டை என்னைவிட மோசம். சலூன் கதிரையில் உட்கார்ந்ததும் உறங்குகிற மனிதர். இதுவரை ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. உங்கள் செய்தியைப் படித்தபின் செய்யும் எண்ணமும் இல்லையாம். வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், மிச்சப் பாதியையும் போடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைச் சனங்கள் இந்தப் பரிசோதனைக்கு எங்கே போகலாம், எவ்வளவு செலவாகும் என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் நானே வெட்டி அவர் வேலியில் ஒட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.