கேனில் எத்தனை கிலோ? ரசாயனம் வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்கூடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் ரசாயனம் வாங்குவோர், அலமாரி அமைப்போர், பாதுகாப்பு விதி எழுதுவோர் அனைவருக்கும்,

வணக்கம்.

பல வருடம் ரசாயன ஸ்டோரில் கேன் தூக்கியவன் எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரே ஒரு குறைதான். முதுகு வலியை ஒரு கோப்பில் வைத்திருக்கிறீர்கள், அமிலத்தை இன்னொரு கோப்பில். முதுகுக்கு வருடம் ஒருமுறை "முழங்காலை மடக்கித் தூக்குங்கள்" என்று ஒரு வகுப்பு. அமிலத்துக்குச் சுவரில் ஒரு படம், மேசையில் ஒரு கையுறைப் பெட்டி. இரண்டு ஆபத்தும் ஒரே ஆளின் மேல், ஒரே நொடியில் வந்து விழுகின்றன. அதற்கு மட்டும் கோப்பு இல்லை.

இது புதுப் பேச்சும் இல்லை. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, அவற்றுக்கு முக்கியமாக இரண்டு காரணங்களைச் சொன்னார்: கையாளும் பொருளின் நஞ்சு, உடம்பைக் கோணலாக வைத்து முரட்டுத்தனமாக உழைப்பது. அவர் சேர்த்துச் சொன்னதை நாம்தான் பிரித்துவிட்டோம்.

ஒரு 20 லிட்டர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் என்றால் 20 கிலோ. அடர் கந்தக அமிலம் என்றால் ஏறக்குறைய 37 கிலோ, ஏனென்றால் அதன் அடர்த்தி லிட்டருக்கு 1.84 கிலோ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கேன்தான். ஓர் ஆள் அதிகபட்சம் எவ்வளவு தூக்கலாம் என்று கணக்கிட, அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. அதுவும் சுமை உடம்போடு ஒட்டியிருந்து, தொங்கும் கையின் உயரத்தில் இருந்து, இடுப்பைத் திருப்பாமல், எப்போதாவது தூக்கினால்தான். பிடிக்கும் கை கணுக்காலிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னே போய்விட்டால் அந்த 23 பாதியாகி 11.5 ஆகிறது. சரி, அமிலக் கேனை யாராவது வயிற்றோடு அணைத்துத் தூக்குவார்களா? பயத்தில் கையை நீட்டித்தான் பிடிப்போம். முதுகைக் காப்பாற்றும் பிடி சட்டையைப் பொசுக்கும், சட்டையைக் காப்பாற்றும் பிடி முதுகை ஒடிக்கும். இதற்கு எந்த வகுப்பிலும் பதில் கிடைக்கவில்லை.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு மாலை, பெரிய கேனைச் சாய்த்துச் சிறிய பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து எத்தனையாவது கேன் என்று கணக்கில்லை. கை லேசாக நடுங்கியது. கேனுக்குள் காற்று புக, அமிலம் குபுக்கென்று எகிறி முழங்கைக்குக் கீழே பட்டது. உடனே கையை ஓடும் தண்ணீரில் காட்டியதால் தழும்போடு தப்பினேன். அறிக்கையில் காரணம் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நீளக் கையுறை போடாததையும் குறித்துக்கொண்டார்கள், அது என் தப்புதான். ஆனால் கேனின் எடையை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அலமாரி. அரிக்கும் திரவங்களைக் கண் மட்டத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது நல்ல விதி. அதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் தரையோடு தரையாகக் கீழ்த்தட்டில் தள்ளிவிடுகிறீர்கள். கனமானவற்றுக்கு முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே இடம் கொடுங்கள். அடியில் கசிவைத் தாங்கும் ஒரு தட்டு வையுங்கள். தரை மட்டத்தை எப்போதாவது எடுக்கும் பொருளுக்கு விட்டுவிடலாம்.

கரைப்பான்களின் கதை இன்னும் மோசம். டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தாழ்ந்துதான் கிடக்கும். தரையில் நிற்கும் பீப்பாயில் குனிந்து குவளையால் மொள்ளும் ஆள், தன் மூக்கைக் கொண்டுபோய் ஆவி இருக்கும் இடத்திலேயே வைக்கிறார். கடினமாக உழைக்கும்போது மூச்சும் பல மடங்கு கூடுவதால், உள்ளே போகும் நஞ்சும் கூடுகிறது. ஒரு கைப்பம்ப் வாங்கினால் முதுகும் நிமிரும், முகமும் விலகும். (தீப்பற்றும் திரவம் என்றால் அதற்கேற்ற பம்பாக இருக்க வேண்டும். பீப்பாயையும் கீழே வைக்கும் உலோகப் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுக்கவும் வேண்டும். ஒரு சின்ன நிலைமின் பொறி போதும்.) ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டியிலும் இதே சங்கதிதான். முழங்கால் நுழைய இடமில்லாமல் கட்டினால், உட்கார்ந்து வேலை செய்பவர் எட்டுவதற்காகத் தலையை உள்ளே நீட்டுவார். பிறகு உறிஞ்சி என்ன பயன்?

இனி கையுறை. அதை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததாக நினைக்கிறீர்கள். 1996 ஆகஸ்டில் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேட்டக்ஸ் கையுறை மேல் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரச நஞ்சு சில துளிகள் விழுந்தன. அவர் விவரம் தெரிந்தவர், கையுறை போட்டுத்தான் இருந்தார். அந்தத் திரவம் அப்படிப்பட்ட கையுறையைச் சில நொடிகளில் கடந்துவிடும் என்பது பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது. 1997 ஜூனில் இறந்தார். எந்தத் திரவத்துக்கு எந்தக் கையுறை, எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்க்காமல் வாங்குவது வெறும் சடங்கு. அசிட்டோனுக்கு மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை தெறிப்பைத் தடுக்கலாம், அதற்கு மேல் நம்ப முடியாது. இதில் எல்லோருக்கும் ஒரே பெரிய அளவு வேறு! விரல் நுனி மடங்கி வழுக்கும். வழுக்குவதால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மாலைக்குள் மணிக்கட்டு வீங்கும். ஆட்கள் கையுறையைக் கழற்றுவது திமிரால் என்று சொல்லும் முன் ஒருநாள் அதைப் போட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பகுதிகள் உண்டு. 9-ஆம் பகுதியில் அடர்த்தி இருக்கும். அதைக் கேனின் லிட்டரால் பெருக்கி, வரும் கிலோவைக் கேனின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த ஆர்டரை எழுதுங்கள். 5 லிட்டர் கேன் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் விலைதான். அடிக்கடி மூடி திறக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. அதிகம் செலவாகும் திரவத்துக்கு அதனால்தான் பம்ப் கேட்கிறேன், மற்றதற்குச் சின்னக் கேன். கையுறையை வாங்கும் முன் போடப்போகிறவர்களின் கையில் அளவு பாருங்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் ஸ்டோருக்கு வாருங்கள். 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பித் தருகிறேன், கந்தக அமிலத்தைவிட 17 கிலோ குறைவு. கையை நீட்டிப் பிடித்து, அரை லிட்டர் பாட்டிலில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக் காட்டுங்கள். அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
ஸ்டோரிலிருந்து ஒருவன்