அந்த மூன்றாவது வாய்

ஆசிரியருக்கு வணக்கம்.

மினி டிராக்டரில் ஹைட்ராலிக் ரிவர்சிபிள் கலப்பை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் புரளும் கலப்பை, ஓட்டுவது பற்றி உங்கள் விவசாயப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் அதற்கு ஒரு வால்வு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த ஒரு வரியில்தான் எனக்கு ஒரு வால்வும் அஞ்சாறு லிட்டர் எண்ணெயும் போயிற்று.

கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நாலு ஏக்கர். மஞ்சள், வாழை, கொஞ்சம் நெல். வண்டி 24 ஹெச்.பி. சாதாரண எம்.பி. (மோல்ட் போர்டு) கலப்பை மண்ணை ஒரே பக்கமாகத் தள்ளும். நாளடைவில் வயலில் ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம். தண்ணீர் கட்டும்போது மண்வெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். ரிவர்சிபிள் என்றால் வரப்போரம் வந்ததும் கலப்பையைப் புரட்டிவிட்டு, உழுது வந்த சாலுக்குப் பக்கத்திலேயே திரும்பி ஓட்டலாம்.

டிப்பர் டிரெய்லருக்காக என் வண்டியின் பின்னால் கருவிகளைத் தூக்கும் லிப்ட்டிலேயே ஹோஸ் மாட்ட ஒரு வாய் இருக்கிறது. டிரெய்லருக்கு அது ஒன்றே போதும். எண்ணெய் தூக்கும், தன் எடையிலேயே இறங்கிவிடும். கலப்பையைப் புரட்டப் போக ஒரு ஹோஸ், வர ஒரு ஹோஸ் வேண்டும். அதற்குத் தனியாக ஒரு டி.சி. வால்வு, அதாவது கைப்பிடியை அசைத்து எண்ணெய் போகும் திசையை மாற்றும் வால்வு. விற்பனையாளரிடம் கேட்டால், வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றார். வாரண்டி முடிந்தே எட்டு மாதம் ஆயிற்று. சரி, நாமே மாட்டுவோம் என்று இறங்கினேன்.

கடையில் கொடுத்த வால்வில் சிலிண்டருக்கு இரண்டு வாய், எண்ணெய் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. "வெளிய வர்றத அப்படியே லிப்ட்டுக்கு விட்டுருங்க, எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார்கள். விட்டேன். வெறும் லிப்ட் அழகாக ஏறியது. கலப்பையை மாட்டித் தூக்கினேன். வால்வின் கைப்பிடிப் பக்கத்துச் சீல் பிய்த்துக்கொண்டு, வாசல் கோலம் பூராவும் எண்ணெய். வீட்டுக்காரம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த வெளிவாய், எண்ணெய் அழுத்தமில்லாமல் டேங்குக்குத் திரும்புவதற்கானது. லிப்ட் பாரம் தூக்கும்போது அந்த வாயிலும் முழு அழுத்தம் ஏறிவிடும். அதைத் தாங்குகிற சீல் அங்கே இல்லை. வேண்டியது 'பவர் பியாண்ட்' வால்வு. அதில் உள்வாய், வெளிவாய் இரண்டோடு லிப்ட்டுக்கென்று மூன்றாவதாக ஒரு வாய் உண்டு; டேங்குக்குத் திரும்புவது தனி ஹோஸில், வண்டிக்கு எண்ணெய் டேங்காக இருக்கும் பின் ஹவுசிங்குக்கே போய்விடும். கோவையிலிருந்து அதை வரவழைத்தேன்.

இன்னொன்று. அழுத்தம் அளவு மீறினால் எண்ணெயைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு என் வண்டியில் லிப்ட் பக்கம் இருக்கிறது. புது வால்வின் கைப்பிடியை இழுத்தால் எண்ணெய் அதுவரை போகாது. புது வால்விலும் ஒரு ரிலீஃப் இல்லாவிட்டால், சிலிண்டர் கடைசிவரை போய் முட்டியதும் பம்பு அழுத்திக்கொண்டே இருக்கும். பைப்போ பம்போ போகும். 250 பார் வரை அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி, வண்டிக்குச் சொன்ன அளவுக்கே அதைத் திருகி வைத்தோம். ஹோஸ், ஜே.சி.பி.க்கு ஹோஸ் பிரஸ் செய்யும் கடையில் போட்டது, இரட்டைக் கம்பி வலை உள்ளது. டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். பிய்ந்து வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

முதல் நாள் ஒரு மூட்டில் புகை மாதிரி கசிந்தது. என் மச்சான் விரலால் தடவிப் பார்க்கப் போனார். கையைத் தட்டிவிட்டு ஓர் அட்டைத் துண்டைக் கசிவுக்கு நேரே காட்டினேன். நடுவில் ஈரக்கோடு விழுந்தது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்வைக்கு ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரலே போகலாம்.

வண்டியோடு தந்த தமிழ்க் கையேட்டில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பக்கம் முழுக்கப் படம் இருக்கிறது. ஹைட்ராலிக் லைன் எங்கிருந்து எங்கே போகிறது, ரிலீஃப் எங்கே இருக்கிறது என்று ஒரு கோடுகூட இல்லை. கம்பெனிகள் அதைப் போட வேண்டும். மானியத்தில் மினி டிராக்டர் கொடுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறையும் இதைக் கேட்டு வாங்கலாம். அதுவரைக்கும் உங்கள் பக்கத்திலாவது பம்பு, வால்வு, லிப்ட், டேங்க் நான்கையும் கோடு போட்டு இணைத்து ஒரு படம் வெளியிடுங்கள். கத்தரித்து ஷெட்டில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மஞ்சள் விவசாயி,
கோபி வட்டம், ஈரோடு மாவட்டம்.