சிறு கடையில் எந்தச் சரக்கை வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுவந்து தரும் செயலிகள் சென்னையில் பெருகியதிலிருந்து, தெருமுனை மளிகைக் கடைகள் நொடித்துப்போவது பற்றிய பேச்சு ஓயவில்லை. அந்தப் பேச்சில் எங்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னும் அதிக வகைகளை வாங்கி அடுக்குங்கள் என்பது. பெரம்பூரில் ஒரு குறுக்குத் தெருவில் 23 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருபவன் என்ற முறையில், இந்த அறிவுரை எங்களை இன்னும் சீக்கிரம் மூழ்கடிக்கும் என்று கருதுகிறேன். என் கடையில் தேங்கிக் கிடக்கும் சரக்கில் பெரும்பகுதியை நானும் விரும்பி வாங்கவில்லை, தெருவில் இருப்பவர்களும் கேட்கவில்லை; கம்பெனிச் சரக்கை விநியோகிக்கும் ஏஜென்சிகளின் ஸ்கீம்தான், அதாவது இத்தனை வாங்கினால் இத்தனை இலவசம் என்ற சலுகைதான், அதைக் கொண்டுவந்து இறக்கியது.

என் கடையின் பரப்பு 180 சதுர அடி. அரிசி மூட்டை, எண்ணெய் டின், குளிர்பதனப் பெட்டி, கல்லா ஆகியவை போகப் பொருள் அடுக்க மிஞ்சுவது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரிலும், வாசலில் நிற்பவரின் கண் நேராகப் போய் விழும் உயரத்தில் இருப்பவை மூன்று தட்டுகள் மட்டுமே. அந்த மூன்று தட்டுகளில் எது உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே மாதக் கடைசியில் கடை வாடகை தேறுகிறது. ஷாம்பு பாக்கெட் போன்ற சரக்கு இந்தத் தட்டுகளுக்குப் போட்டியிடுவதில்லை. கடலூரில் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு போன்றவற்றின் வழியாகப் பழக்கமான அந்தச் சரங்கள், கல்லாவுக்கு மேலே உள்ள கம்பியில் தொங்கிக்கொண்டே விற்றுவிடும். பாலும் அப்படித்தான், இடத்தைப் பிடித்துவைப்பதில்லை. பாலில் நிற்கும் கமிஷன் மிகச் சொற்பம் என்றாலும், காலை ஐந்தரை மணிக்கு ஆவின் நீல பாக்கெட்டுக்கு வருபவர்தான் காபித்தூளையும் தீப்பெட்டியையும் சேர்த்து வாங்கிப் போகிறார் என்பதால் அதை நான் விடவே மாட்டேன். 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்கு ஏறியபோது, எந்தெந்த வீடு வேறு நிற பாக்கெட்டுக்கு மாறியது என்பது ஒரே வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மறுவாரமே என் ஆர்டரையும் மாற்றிக்கொண்டேன். பாலில் எனக்கு இருக்கும் இந்தச் சுதந்திரம் அந்த மூன்று தட்டுகளில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் லைனுக்கு, அதாவது எங்கள் பகுதிக் கடைகளுக்கு, ஏஜென்சியின் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வருவார்; லைன்மேன் என்போம். கெட்டிக்காரப் பையன், கேட்ட பிஸ்கட்டும் சோப்பும் குறித்த நாளில் வந்துசேரும். ஒரு மாதக் கடைசியில் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "டார்கெட் முடியல அண்ணாச்சி, இந்த ஓட்ஸ் கப் மட்டும் ஒரு பெட்டி போட்டுடுறேன். பன்னிரண்டுக்கு ஒண்ணு ஃப்ரீ. போகலேன்னா நானே திருப்பி எடுத்துக்கிறேன்" என்றார். எங்கள் தெருவில் காலையில் இட்லி மாவு கேட்பார்கள், ரொட்டி கேட்பார்கள். சுடுநீர் ஊற்றிச் சாப்பிடும் ஓட்ஸை ஒருவரும் கேட்டதில்லை. இருந்தும் அந்தப் பையனின் முகத்துக்காக வாங்கினேன். ஒரு கப் 39 ரூபாய் வீதம் பன்னிரண்டுக்கு 468 ரூபாய் கொடுத்தேன். இலவசத்தோடு பதின்மூன்று கப் வந்தது. 45 ரூபாய் விலையில் ஐந்து விற்றது. மீதி எட்டும் கண் உயரத் தட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. தூசு தட்டும்போது ஒருநாள் சந்தேகம் வந்து, மூடியின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக அச்சான தேதியைச் செல்போன் வெளிச்சத்தில் படித்தால், காலாவதியாகப் பதினொரு நாள்தான் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை லைனுக்கு வந்தவர் வேறு ஆள். "அவர் வேற ஏரியாவுக்குப் போயிட்டாரு அண்ணாச்சி, எக்ஸ்பயரி பத்தி எங்கிட்ட எதுவும் சொல்லலையே" என்று முடித்துக்கொண்டார். ஏஜென்சிக்குத் தொலைபேசியில் பேசியதற்கு, கம்பெனி எடுத்துக்கொண்டால்தான் தாங்கள் எடுக்க முடியும் என்று பதில் வந்தது.

நட்டம் 243 ரூபாய். இது ஒரு தொகையா என்று படிப்பவர்கள் நினைக்கலாம். பிஸ்கட், சோப்பு வகைகளில் எனக்கு நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு ரூபாய்தான் நிற்கிறது. ஆகவே அந்த 243 ரூபாயை மீட்க நான் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு விற்றாக வேண்டும். அதைவிடப் பெரிய நட்டம், அந்த எட்டுக் கப்பும் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் விற்காமல் போனவை. அதற்குக் கணக்கு எழுத எந்த நோட்டிலும் பத்தி கிடையாது.

சட்டமும் இந்த இடத்தில் எங்கள் தலையில்தான் வந்து விடிகிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, காலாவதி தேதிக்குப் பிறகு விற்கப்படும் உணவுக்கு விற்பனையாளரைப் பொறுப்பாக்குகிறது. அது சரிதான், காலாவதியான பொருளைக் குழந்தையின் கையில் கொடுப்பவனுக்குச் சலுகை காட்டும்படி நான் கேட்கவில்லை. விநியோகஸ்தருக்கும் அதே பிரிவில் பொறுப்பு உண்டு. ஆனால் அது காலாவதியான பின் சரக்கை அனுப்பினால்தான். காலாவதிக்கு இருபது நாள் இருக்கும்போது என் கடையில் இறக்கிவிட்டுப் போனால் அவர் மீது ஒரு குறையும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில், இணையவழி நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும்போது பொருளின் ஆயுளில் குறைந்தது 30 விழுக்காடோ அல்லது காலாவதிக்கு முன் 45 நாட்களோ மீதமிருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. செயலியில் வாங்குபவருக்குக் கிடைத்த அந்த நியாயமான கால அளவு, ஏஜென்சியிடம் வாங்கும் சிறு கடைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதே என் கேள்வி.

அதிகச் சரக்கு ஆபத்து என்பதை 2025 செப்டம்பர் 22 எனக்கு இன்னொரு முறை காட்டியது. அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்குக் குறைந்தது. மக்களுக்கு நல்ல செய்தி. எனக்கும் நீண்ட நாள் நோக்கில் நல்ல செய்திதான். ஆனால் விற்பனைத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் என்னைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு, சரக்கு வாங்கும்போது கொடுத்த உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி கிடையாது என்பதால், பழைய வரியோடு வாங்கிய சரக்கைப் புதிய விலையில் விற்றபோது வித்தியாசம் எங்கள் கையிலிருந்தே போனது. மூன்று நாள் சரக்கு வைத்திருந்தவர் தப்பித்தார். ஸ்கீமுக்காக இரண்டு மாதச் சரக்கை வாங்கி அடுக்கியவர் அடிபட்டார்.

அப்படியானால் என்னதான் வைப்பது என்று கேட்டால், என் மனைவி வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டைத்தான் காட்டுவேன். யாராவது ஒரு பொருளைக் கேட்டு நாங்கள் "இல்லை" என்று சொன்னால், அதைத் தேதியோடு அவர் எழுதிவிடுவார். ஒரு மாதத்தில் மூன்று வெவ்வேறு வீட்டார் கேட்டிருந்தால், மொத்த வியாபாரக் கடைகள் உள்ள கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போகும்போது மிகக் குறைந்த அளவில் ரொக்கத்துக்கு வாங்கி வருவேன். இந்த நோட்டு சொல்லித்தான் பல விஷயங்கள் எங்களுக்கே தெரியவந்தன. பின்தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்களுக்காகக் கால் லிட்டருக்கும் குறைவான கடுகு எண்ணெய் பாட்டில் வைத்தோம். இன்றுவரை அது தேங்கியதே இல்லை. டிசம்பரில் பெரம்பூரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கேட்கும் வெனிலா எசென்ஸும் அப்படி வந்ததுதான். அதற்கு முன்பு அதற்காக அவர்கள் புரசைவாக்கம் வரை போய்க்கொண்டிருந்தார்களாம். முதியவர்களுக்கான டயாப்பரைக் கூச்சத்தோடு கேட்டது நோட்டில் மூன்று முறை பதிவாகியிருந்தது. மூன்றும் வெவ்வேறு வீடுகள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தெருவில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதை 23 ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருந்தும், அதை ஒரு சரக்காக நான் யோசித்துப் பார்த்ததில்லை. இன்னொன்று, சார்ட் அட்டை. இரவு ஒன்பது மணிக்கு மேல், மறுநாள் பள்ளிக்கு என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவரும் தகப்பன்மார்களுக்காக இப்போது இருபது அட்டைகளைச் சுருட்டி மூலையில் வைத்திருக்கிறேன். அதற்குக் காலாவதி தேதி இல்லை.

நோட்டும் சில சமயம் ஏமாற்றும். சர்வதேச சிறுதானிய ஆண்டான 2023-இல் சாமை, தினை, குதிரைவாலி என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் ஐந்தைந்து கிலோ வாங்கினேன். கேட்டவர்களில் பாதிப் பேர் ஒருமுறை கால் கிலோ வாங்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதியில் வண்டு விழுந்தது. கேட்பது வேறு, மாதாமாதம் வாங்குவது வேறு என்பதை அறிய அந்தச் செலவு எனக்குத் தேவைப்பட்டது.

பண்டிகைச் சரக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்குப் பொரி, மார்கழிக்குக் கோலமாவு என்று நாள்காட்டியே சொல்லிவிடும். ரேஷனில் 25 ரூபாய் பாமாயிலும் 30 ரூபாய் துவரம் பருப்பும் போடும் வாரத்தில் அவற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்பதும் எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

எதை வைக்கக் கூடாது என்பதில்தான் எங்கள் மீதும் குற்றம் உண்டு. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் சிகரெட், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; எங்கள் தெரு முனையில் பள்ளி இருப்பதால் நான் அவற்றை வைப்பதில்லை. இதனால் காலை வியாபாரத்தில் ஒரு பங்கு அடுத்த தெருவுக்குப் போகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் இருபது ரூபாய் எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் நான் வெகுநாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அந்தப் பாட்டிலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். டியூஷன் முடிந்து வரும் எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு மூன்று பேர் காசு சேர்த்து வாங்குவதைப் பார்த்த பிறகுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தேன். இப்போது அதைக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றி, பள்ளிச் சீருடையில் வருபவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். முற்றிலும் நிறுத்தவில்லை, இரவுப் பணிக்குப் போகிறவர்கள் வாங்குகிறார்கள். இது சரியான முடிவுதானா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.

சரக்கைத் தேர்ந்தெடுக்கும் பலம் கடைக்காரர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டின் வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தபோது, என் கடையிலும் அந்த இடத்தில் காளிமார்க் பொவண்டோ ஏறி உட்கார்ந்தது. அந்தக் கோடையில் அதற்கு நல்ல ஓட்டம் இருந்தது. பிறகு பழைய பாட்டில்களைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடைகளிலும் அவை மெல்லத் திரும்பின. பொவண்டோ மட்டும் போகாமல் என் கடையில் நிலைத்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு வேகம் வந்தால் சரக்கை மாற்ற எங்களால் முடிகிறது. சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஒரு லைன்மேனிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் முடிவதில்லை. காரணம், வேண்டாம் என்று சொன்னால் நன்றாக ஓடும் பிஸ்கட்டுக்கான ஒரு வாரக் கடன் அடுத்த முறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதியில் தண்ணீர் தேங்கி, மின்சாரமும் இல்லாமல் போன நாட்களில், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்கள் கேட்டவை மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால் பவுடர், ரொட்டி, கொசுவர்த்திச் சுருள் ஆகிய ஐந்தும்தான். மெழுகுவர்த்தி முதல் நாள் மதியமே தீர்ந்துவிட்டது. மேல் தட்டில் அப்போது என்ன இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது: ஸ்கீமில் வந்த மூன்று வகை நறுமண ரூம் ஸ்பிரே.

ஆகவே, நிறுவனங்களிடமும் வணிகர் அமைப்புகளிடமும் உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். ஏஜென்சி தரும் ஒவ்வொரு பில்லிலும், விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பார்களா, காலாவதிக்கு எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், எத்தனை விழுக்காடு வரவு வைப்பார்கள் என்ற மூன்று விவரங்களும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். லைன்மேன் மாறினாலும் பில் மாறாது அல்லவா. வணிகர் அமைப்புகள் மே 5 வணிகர் தினத்தில் நிறைவேற்றும் தீர்மானங்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். எழுத்தில் அப்படித் தரும் ஏஜென்சி எதுவாக இருந்தாலும், அவர்களுடைய புதிய சரக்கில் ஒரு பெட்டியை எந்த இலவசமும் கேட்காமல் என் கண் உயரத் தட்டில் வைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை.